இடிப்பதற்கு முன் ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாமே!

2020 டிசம்பரில் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகம் (ஐ.ஐ.எம்.) ஒரு அறிவிப்பை வெளியிட்டது. வளாகத்தில் இருக்கும் 18 பழைய மாணவர் விடுதிகளில் 14 விடுதிகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறோம், விருப்பமுள்ள கட்டிடக் கலைஞர்கள் விண்ணப்பிக்கலாம் என்பது அதன் சாரம். ஒரு கல்லூரி தன் விடுதியை இடிப்பது பொதுவாகச் செய்தியே கிடையாது. ஆனால் இது உலகம் முழுக்கச் செய்தியானது. காரணம், அந்த விடுதிகளை வடிவமைத்தவர் லூயி கான்.

லூயி கான் அமெரிக்காவின் பெரிய கட்டிடக் கலைஞர்களில் ஒருவர். டாக்காவில் இருக்கும் வங்கதேச நாடாளுமன்றக் கட்டிடமும் அவர் வடிவமைத்ததுதான். விக்ரம் சாராபாயும் கஸ்தூர்பாய் லால்பாயும் சேர்ந்து ஐ.ஐ.எம்.மை உருவாக்கிய காலத்தில், 1962ல், பி.வி. தோஷியின் மூலமாக அவர் அகமதாபாத்துக்கு வந்தார். பூச்சு இல்லாத செங்கல், பெரிய பெரிய வளைவுகள், வட்டமான திறப்புகள், வெயில் நேரே உள்ளே விழாதபடி தள்ளி வைத்த சுவர்கள் என்று ஒரு வளாகத்தையே எழுப்பினார். 1974 மார்ச்சில் அகமதாபாத்திலிருந்து ஊர் திரும்பும் வழியில் நியூயார்க் ரயில் நிலையத்தில் மாரடைப்பில் இறந்தும் போனார். மிச்ச வேலைகளை முடித்தவர்களில் முக்கியமானவர் அனந்த் ராஜே.

நிர்வாகம் சொன்ன காரணங்களைப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. மழைநீர் கசிகிறது, காங்கிரீட் பெயர்ந்து விழுகிறது, செங்கல்லின் தரம் சரியில்லை, 2001 குஜராத் பூகம்பத்தின் பாதிப்பு இருக்கிறது, மாணவர்கள் தங்க முடியவில்லை என்றார்கள். எதிர்ப்பும் பலமாக வந்தது. பழைய மாணவர்கள், உள்நாட்டு வெளிநாட்டுக் கட்டிடக் கலைஞர்கள், கானின் மூன்று பிள்ளைகள் என்று எல்லோரும் கடிதம் எழுதினார்கள். 2021 ஜனவரி 1ம் தேதி நிர்வாகம் அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கதை அதோடு முடியவில்லை. 2022 நவம்பரில் வகுப்பறைகள், ஆசிரியர் அறைகள் இருக்கும் பகுதிகள் உள்ளிட்ட சில கட்டிடங்களைப் பழுது பார்க்காமல், வெளித்தோற்றம் மட்டும் பழையபடி இருக்குமாறு மறுபடி கட்டப் போவதாக அறிவித்தது.

நாட்டிலேயே பெரிய மேலாண்மைக் கல்லூரி. பணத்துக்குப் பஞ்சமில்லை. கட்டியவரோ உலகப் புகழ் பெற்றவர். அங்கேயே இந்த நிலைமை என்றால், பெயர் தெரியாத இன்ஜினியர் வடிவமைத்து, ஊர்க் கொத்தனார்கள் கட்டிய ஒரு சின்ன ஊர்க் கல்லூரிக் கட்டிடத்தின் கதி என்ன?

பெட்டி மாதிரி இருக்கிறதே, இதுவா பாரம்பரியம்?

பாரம்பரியக் கட்டிடம் என்றால் உடனே மனதில் வருவது கோபுரம், அரண்மனை, வெள்ளைக்காரன் கட்டிய சிவப்புக் கட்டிடம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் நல்ல உதாரணம். ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1879ல் முடிந்த கட்டிடம் அது. பல்கலைக்கழகத்தின் 150வது ஆண்டை ஒட்டி அதைப் புதுப்பித்தபோது யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பார்த்த உடனே கண்ணுக்கு அழகு, வயதும் நூற்றுக்கு மேல்.

சுதந்திரத்துக்குப் பிறகு எழுந்த கட்டிடங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நவீனத்துவக் கட்டிடக்கலை என்பது 1920களில் ஐரோப்பாவில் வேகம் பிடித்த ஒரு போக்கு. அலங்காரம் வேண்டாம், கட்டிடம் எதற்கோ அதற்கேற்ற வடிவம் போதும், காங்கிரீட்டையும் செங்கல்லையும் மறைக்காமல் காட்டலாம் என்பது அதன் அடிப்படை. 1950களில் நேரு சண்டிகருக்கு லெ கார்பூசியரை அழைத்தார். அவருடைய உறவினர் பியர் ஜென்னரே பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் பல கட்டிடங்களை வடிவமைத்தார். கான்பூர் ஐ.ஐ.டி.யை அச்யுத் கன்விந்தே வடிவமைத்தார். புது நாடு, புதுப் படிப்பு, அதற்குப் புதுக் கட்டிடம் என்பது அந்தத் தலைமுறையின் நம்பிக்கை.

அந்தப் பாணி பெரிய பெயர்களோடு நிற்கவில்லை. பொதுப்பணித்துறை இன்ஜினியர்கள், மாவட்டத் தலைநகரத்து வரைபடக்காரர்கள், உள்ளூர் காண்டிராக்டர்கள் என்று கைமாறிக் கைமாறி நாடு முழுக்கப் பரவியது. சமதளக் கூரை, ஒரு பக்கம் நீள வராண்டா, மறுபக்கம் பெரிய ஜன்னல்கள், ஜன்னல் வரிசைக்கு மேல் ஓடும் சன்ஷேடு, மாடிப்படி ஓரத்தில் காற்று வர சிமெண்ட் ஜாலி, மொசைக் தரை. படிக்கும் எல்லோரும் இப்படி ஒரு கட்டிடத்தைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பெயர் ஒன்று உண்டு என்பது மட்டும் தெரிந்திருக்காது.

கரிசலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் என்று நீளும் கரிசல் பூமியில் மழையை நம்பித்தான் எல்லாம். கம்பு, சோளம், பருத்தி, உளுந்து, மிளகாய். அது பொய்த்தால் தீப்பெட்டி ஆபீஸ். இந்தப் பகுதியில் கல்லூரிப் படிப்பு என்பதே ஒரு காலத்தில் பாளையங்கோட்டைக்கோ மதுரைக்கோ போனால்தான் கிடைக்கும். கோவில்பட்டியில் கோ. வெங்கடசாமி நாயுடு கல்லூரி தொடங்கியது 1966ல். மதுரைப் பல்கலைக்கழகம் உருவானதும் அதே ஆண்டில்தான். தெற்கில் பல ஊர்களில் கல்லூரிகள் முளைத்த காலம் அது.

மானாவாரி நிலத்துக்காரர் வீட்டிலும் தீப்பெட்டி ஒட்டிய வீட்டிலும் முதல் பட்டதாரி உருவானது இந்த மாதிரிக் கட்டிடங்களுக்குள்தான். கழுகுமலை வெட்டுவான் கோயில் பாண்டியர் காலத்துக் கதையைச் சொல்கிறது, சரி. சாதாரண மனிதன் படிக்க ஆரம்பித்த கதையைச் சொல்ல எது இருக்கிறது? அரண்மனை இல்லை, கல்வெட்டு இல்லை. சன்ஷேடும் வராண்டாவும் வைத்த இந்தப் பெட்டிக் கட்டிடங்கள்தான் இருக்கின்றன. கரிசல் பூமிக்கு இவைதான் சரித்திரச் சின்னம் என்று சொன்னால் மிகையில்லை.

உணர்ச்சியை விடுங்கள், உபயோகத்தைப் பார்ப்போம் என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. ஒரு பக்கம் வராண்டா, மறுபக்கம் ஜன்னல் என்று இருந்தால் காற்று குறுக்கே ஓடும். சன்ஷேடு இருந்தால் உச்சி வெயில் ஜன்னலுக்குள் இறங்காது. 2012 வாக்கில் தமிழ்நாட்டின் சிற்றூர்களில் ஒரு நாளைக்குப் பல மணி நேரம் மின்சாரம் போனது மறந்திருக்காது. அந்த நேரத்தில் வராண்டா வைத்த பழைய வகுப்பறையில் உட்கார முடிந்தது. கண்ணாடி முகப்பு வைத்து, ஏ.சி.யை நம்பிக் கட்டிய அறையில் மின்விசிறி நின்றதும் உட்கார முடியாது. கோவில்பட்டி வெயிலுக்கு எது பொருத்தம் என்று சொல்ல இன்ஜினியர் தேவையில்லை.

ஏட்டில் செத்துப் போகும் கட்டிடம்

இனி கணக்குக்கு வருவோம். கட்டிடங்கள் ஏன் இடிக்கப்படுகின்றன என்பதற்கான விடை செங்கல்லில் பாதி, கணக்கு ஏட்டில் பாதி இருக்கிறது.

பிளஸ் ஒன்னில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்குத் தேய்மானம் தெரியும். வருமான வரிச் சட்டப்படி குடியிருப்பு அல்லாத கட்டிடத்துக்கு வருடத்துக்கு 10 சதவீதம், குறைந்து செல் இருப்பு முறையில் தேய்மானம். பல அறக்கட்டளைகளும் கல்லூரிகளும் இதே விகிதத்தைத்தான் பின்பற்றுகின்றன. ஒரு கணக்குக்கு, பத்து லட்சம் ரூபாய்க்குக் கட்டிய கட்டிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 வருடத்தில் ஏட்டில் அதன் மதிப்பு சுமார் 1,21,500 ரூபாய். 50 வருடத்தில் சுமார் 5,150 ரூபாய். அதாவது ஒரு சைக்கிள் விலை!

ஆயிரம் பேர் தினமும் உட்கார்ந்து படிக்கும் கட்டிடம், ஆண்டறிக்கையில் ஒரு சைக்கிள். அதை இடித்தால் ஏட்டில் நஷ்டம் ஐயாயிரம் ரூபாய்தான். இடிப்பதில் இழப்பு ஒன்றுமில்லை என்று ஏடு சொல்கிறது. அதே இடத்தில் அதே அளவுக் கட்டிடத்தை இன்றைய விலைக்கு மறுபடி கட்ட எத்தனை கோடி ஆகும் என்று அந்த ஏட்டில் எங்கேயும் எழுதியிருக்காது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2013 கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, தொழிற்சாலை அல்லாத காங்கிரீட் கட்டிடத்தின் பயனுள்ள ஆயுள் 60 வருடம் என்கிறது. சரி, சட்டம் எப்போது ஒரு கட்டிடத்தைப் பாரம்பரியம் என்று மதிக்கும்? மத்திய தொல்லியல் சட்டப்படி 100 வருடம் ஆக வேண்டும். டெல்லி பிரகதி மைதானத்தில் ராஜ் ரேவால் வடிவமைத்து 1972ல் திறக்கப்பட்ட ஹால் ஆஃப் நேஷன்ஸ் என்ற அற்புதமான காங்கிரீட் கூடத்தைக் காப்பாற்றக் கேட்டபோது, 60 வருடம் ஆகாத கட்டிடத்தைப் பாரம்பரியமாகப் பார்க்க முடியாது என்று பதில் வந்தது. 2017 ஏப்ரலில் அது இடிக்கப்பட்டது. அப்போது அதற்கு வயது 45.

ஆக, ஏட்டுக்கணக்கில் ஒரு காங்கிரீட் கட்டிடம் சாகும் வயதில்தான் அது பாரம்பரியம் ஆவதற்கான பேச்சே ஆரம்பிக்கிறது. 1960களிலும் 70களிலும் கட்டிய கல்லூரிகள் எல்லாம் இப்போது இந்த இடைவெளியில்தான் நிற்கின்றன. பழையது என்று இடிக்கலாம், பழையது என்று காப்பாற்ற முடியாது.

ஏட்டு மதிப்பை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குச் சண்டிகர் நாற்காலிகளே சாட்சி. ஜென்னரேயும் அவரோடு வேலை பார்த்தவர்களும் அங்குள்ள அலுவலகங்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் தேக்கு மர நாற்காலி, மேஜைகளை வடிவமைத்தார்கள். பழசாகிவிட்டது என்று அவற்றைக் கழித்துப்போட்டு ஏலத்தில் சொற்ப விலைக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் சரிசெய்து பாரிஸிலும் நியூயார்க்கிலும் லட்சக்கணக்கில் விற்றார்கள். விழித்துக்கொண்டு மத்திய அரசு தடை உத்தரவு போட்டது 2011ல். நாற்காலியையாவது ஏலத்தில் திரும்ப வாங்கலாம். இடித்த கட்டிடத்தை எந்த ஏலத்தில் வாங்குவது?

பழுது பார்த்தவனுக்குக் கல்வெட்டு கிடையாது

கூரையில் தட்டோடு மாற்றுவது வருவாயினச் செலவு. அந்த வருடத்து வரவில் கழியும். புதுக் கட்டிடம் கட்டுவது முதலினச் செலவு. அது சொத்தாக ஏட்டில் ஏறும். ஒரு செயலாளரின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். முதல் வேலையைச் செய்தால் செலவு அதிகமாகிவிட்டது என்று கமிட்டியில் கேள்வி வரும். இரண்டாவதைச் செய்தால் வளர்ச்சி என்று பாராட்டு வரும். நன்கொடை கொடுப்பவரும் புதுக் கட்டிடத்துக்குத்தான் கொடுப்பார். அவர் அப்பா பெயரைப் போடலாம், அமைச்சரை வைத்துத் திறக்கலாம். மொட்டை மாடிக் கசிவை அடைத்ததற்கு யாரும் ரிப்பன் வெட்டியதில்லை.

விளைவு, சின்ன வேலைகள் தள்ளிப் போகும். காங்கிரீட் எப்படிச் சாகிறது என்பது ஊரில் உள்ள எந்தக் கொத்தனாருக்கும் தெரியும். மொட்டை மாடியில் வடிகுழாய் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் தேங்கும். மெல்லக் கீழே இறங்கிக் கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் காங்கிரீட்டை உள்ளிருந்து பிளந்து தள்ளும். சுவர் இடுக்கில் ஒரு அரசங்கன்று முளைக்கும். ஒரு வருடம் விட்டால் கையால் பிடுங்கலாம், பத்து வருடம் விட்டால் சுவரையே பிரிக்க வேண்டும்.

அகமதாபாத்திலும் அடிப்படையில் இதே கதைதான். செங்கல் சுவருக்குள் வைத்த கம்பிகள் துருப்பிடித்துச் சுவரை வெடிக்க வைத்தன. கானின் வடிவமைப்பில் குறை இல்லாமல் இல்லை. ஆனால் நாற்பது ஐம்பது வருடம் கசிந்த தண்ணீர் ஒரு ராத்திரியில் வந்ததா என்ன?

தேய்மானம் என்று வருடா வருடம் எழுதுகிறார்களே, அந்தப் பணம் எங்கே? அது வெறும் பதிவு. எழுதிய தொகையைத் தனியே ஒரு நிதியில் போட்டு வைத்தால்தான் பணம் இருக்கும். தேய்மான நிதி முறை என்று பாடத்திலேயே இருக்கிறது. பரீட்சைக்குப் படிப்பதோடு சரி.

வெடிப்பு எல்லாம் சாவு இல்லை

கரிசல் பூமியில் கட்டிடத்தை இடிக்க இன்னொரு சாக்கு எப்போதும் தயாராக இருக்கும். வெடிப்பு! கரிசல் மண்ணில் இருக்கும் களிமண் வகை தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சித்திரையில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதையும் ஐப்பசியில் அதே நிலம் காலைக் கவ்விப் பிடிப்பதையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேலே நிற்கும் கட்டிடமும் வருடா வருடம் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு கோடு விழும்.

முந்தைய தலைமுறை இதைப் புரிந்துகொண்டுதான் கட்டியது. கரிசலைத் தாண்டிக் கெட்டியான அடிமண் வரும் வரை வாணம் தோண்டினார்கள். கடைக்காலைச் சுற்றி மணலை நிரப்பினார்கள். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மண்ணுக்காகவே அடியில் குமிழ் போல விரியும் காங்கிரீட் தூண் முறையை உருவாக்கியது.

இந்த மண்ணில் வெடிப்பைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்த வெடிப்பு என்பது. கோடையில் விரிந்து மழையில் மூடிக்கொள்ளும் வெடிப்பு ஒரு வகை. வருடா வருடம் அகலமாகிக்கொண்டே போகும் வெடிப்பு வேறு வகை. சுவர் ஓரத்தில் உடைந்த கழிவுநீர்க் குழாய், சுவரை ஒட்டி நட்ட மரம், தண்ணீர் தேங்கும் பள்ளம் இவையே பல சமயம் காரணமாக இருக்கும். குழாயை மாற்றி, சுவரைச் சுற்றிச் சரிவாக ஒரு சிமெண்ட் தளம் போட்டால் நின்றுவிடக்கூடிய வெடிப்புக்காகக் கட்டிடத்தையே இடிப்பது, காய்ச்சலுக்குக் காலை வெட்டுவது போல. அதைவிட முக்கியம், இடித்துவிட்டுக் கட்டும் புதுக் கட்டிடமும் அதே கரிசலில்தான் நிற்கப் போகிறது. மண் மாறாது. பராமரிக்காத பழக்கமும் மாறாவிட்டால் முப்பது வருடத்தில் அதுவும் இதே நிலைக்கு வரும்.

காப்பாற்றியவர்களும் இருக்கிறார்கள்

இதெல்லாம் ஆகாத காரியம் என்பவர்கள் புதுச்சேரிக்குப் போகலாம். அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி, இந்தியாவில் காங்கிரீட்டில் எழுந்த முதல் நவீனத்துவக் கட்டிடங்களில் ஒன்று. அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து, ஜார்ஜ் நகாஷிமா உடனிருந்து கட்டத் தொடங்கியது 1930களின் கடைசியில். கடல் காற்று, உப்பு, மழை எல்லாம் சேர்ந்து அடிக்கும் ஊர். எண்பது வருடம் தாண்டியும் விடுதியாகவே நிற்கிறது. அங்கே மந்திரம் ஒன்றும் இல்லை. குடியிருப்பவர்களே பொறுப்பெடுத்துத் தினமும் துடைப்பதும், சின்னப் பழுதை அன்றைக்கே பார்ப்பதும்தான்.

பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஜென்னரே வடிவமைத்த காந்தி பவனைப் பராமரிக்கத் திட்டம் தயாரிக்க 2015ல் அமெரிக்காவின் கெட்டி அறக்கட்டளை நிதி கொடுத்தது. அகமதாபாத் ஐ.ஐ.எம்.மிலேயே விக்ரம் சாராபாய் நூலகத்தை பிருந்தா சோமயாவின் நிறுவனம் சரிசெய்தது. 2019ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது அதற்குக் கிடைத்தது. அதே வளாகம், அதே செங்கல், அதே கான். ஒரு கட்டிடம் விருது வாங்குகிறது, பக்கத்துக் கட்டிடத்தை இடிக்க வேண்டும் என்கிறார்கள். முடியாது என்பது எவ்வளவு தூரம் உண்மை என்று இதிலேயே தெரிகிறது.

எதிர்த்தரப்பு நியாயங்கள்

2021 டிசம்பர் 17ம் தேதி திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு மோசமான நிலையில் இருந்த பள்ளிக் கட்டிடங்களைக் கணக்கெடுத்து இடிக்க அரசு உத்தரவிட்டது. அதில் தவறு சொல்ல முடியாது. எந்தச் சுவரும் ஒரு பிள்ளையின் உயிரைவிடப் பெரியதில்லை. ஒழுகும் அறையில் படுத்துக்கொண்டு லூயி கானை ரசிக்கச் சொல்வதும் அநியாயம்தான். விடுதியில் தங்காத, வெளிநாட்டில் இருக்கும் பெரியவர்கள் கையெழுத்துப் போடுவது சுலபம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாதுகாப்பும் பராமரிப்பும் எதிர் எதிர்க் கட்சிகள் இல்லை. ஆபத்தான நிலை வரும் வரை விட்டது பராமரிக்காததால்தான். கசிவை அப்போதே அடைத்திருந்தால் மாணவனும் பத்திரம், கட்டிடமும் பத்திரம். பாதுகாப்பு என்ற வார்த்தையை இடிக்கும்போது மட்டும் நினைவுக்குக் கொண்டுவந்தால் என்ன பிரயோஜனம்?

எல்லாப் பழைய கட்டிடத்தையும் வைத்திருக்க முடியாது என்பதும் உண்மை. சக்கர நாற்காலியில் வருபவருக்கு வழியில்லாத கட்டிடம், போதிய கழிப்பறை இல்லாத கட்டிடம், மின்கம்பி எல்லாம் பழுதான கட்டிடம் மாறித்தான் ஆக வேண்டும். சாய்தளம், லிஃப்ட், புது வயரிங் எல்லாம் பழைய கட்டிடத்திலும் சேர்க்க முடியும். சில கட்டிடங்கள் கட்டும்போதே மோசமாகக் கட்டப்பட்டவை. அவற்றை இடிக்கலாம். எதை வைப்பது, எதை விடுவது என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் கோரிக்கை. பார்க்காமலே இடிப்பதுதான் வழக்கமாக இருக்கிறது.

காசு இல்லை என்பது கடைசி நியாயம். காசு இல்லாதவன்தான் இருப்பதைக் காப்பாற்ற வேண்டும். கரிசல் வீடுகளில் யாரும் ஒழுகும் கூரைக்காக வீட்டை இடிப்பதில்லை, மழைக்கு முன் ஓடு மாற்றுவார்கள். இதில் சுற்றுச்சூழல் கணக்கும் உண்டு. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பில் இருந்து வருகிறது. நிற்கும் கட்டிடத்துக்கான சிமெண்ட் ஏற்கனவே எரித்து முடித்தாகிவிட்டது.

செய்யக்கூடியவை

பெரிய சட்டம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு சாதாரணக் கல்லூரியே செய்யக்கூடியவை சில:

1. ஒவ்வொரு கட்டிடத்துக்கும் ஒரு நோட்டு. எப்போது கட்டியது, வரைபடம் எங்கே, எந்த வருடம் என்ன பழுது பார்த்தது என்று எழுதி வைப்பது. டாக்டரிடம் போகும்போது பழைய சீட்டைக் கொண்டுபோவது போல.

2. வருடா வருடம் புரட்டாசி முடிவதற்குள் மொட்டை மாடியைக் கூட்டி, வடிகுழாய் அடைப்பை எடுத்து, முளைத்த கன்றுகளைப் பிடுங்குவது. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களின் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

3. தேய்மானமாக எழுதும் தொகையில் ஒரு பங்கையாவது நிஜமாகவே வங்கியில் போட்டு, பராமரிப்புக்கு மட்டும் எடுப்பது.

4. இடிக்கும் தீர்மானம் போடுவதற்கு முன், இடிப்பு வேலையோ புதுக் கட்டிட வேலையோ கிடைக்கப் போகாத ஒரு இன்ஜினியரிடம் எழுத்தில் கருத்து வாங்குவது. பழுது பார்க்க எவ்வளவு, புதிதாகக் கட்ட எவ்வளவு என்று இரண்டு தொகையும் ஒரே தாளில் இருக்க வேண்டும்.

5. இடித்தே ஆக வேண்டும் என்றால், அதற்கு முன் முழுதாக அளந்து, படம் எடுத்து, அதில் படித்தவர்களின் நினைவுகளைப் பதிவு செய்து வைப்பது.

இதில் மாணவர்களுக்கும் வேலை இருக்கிறது. இன்ஜினியரிங் மாணவர்கள் வெடிப்பை அளக்கலாம். வரலாறு படிப்பவர்கள் பழைய மாணவர்களைத் தேடிப் பேசலாம். வணிகவியல் மாணவர்கள் தங்கள் கல்லூரிக் கட்டிடத்தின் ஏட்டு மதிப்பையும் இன்றைய மறுகட்டுமானச் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு புராஜெக்ட் செய்யலாம். எங்கோ இருக்கும் கம்பெனியின் இருப்புநிலைக் குறிப்பை அலசுவதைவிட அது உருப்படியான வேலை.

அகமதாபாத் விடுதிகளுக்காக உலகமே குரல் கொடுத்தது, கட்டியவர் லூயி கான் என்பதால். கரிசல் ஊர்க் கல்லூரிக் கட்டிடத்தைக் கட்டியவர் பெயர் யாருக்கும் தெரியாது. அதற்காக நியூயார்க்கிலிருந்து யாரும் கடிதம் எழுதப் போவதில்லை. அதற்குள் படித்தவர்களும் படிப்பவர்களும்தான் பேச வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் அந்த வடிகுழாய் அடைப்பை எடுக்கச் சொல்வதிலிருந்து அந்தப் பேச்சை ஆரம்பிக்கலாம்.